ஆர்சி ஆஃப்-ரோடு ட்ராக்: எந்தத் தளம் போடலாம்?

ஆர்சி என்பது ரேடியோ ரிமோட்டால் ஓட்டும் சின்ன வண்டி; பக்கி என்பது அதில் கரடுமுரடான தரையில் ஓடும் ஒரு வகை. ஸ்லோவாக்கியாவின் எக்ஸ்ரே நிறுவனம் செய்யும் 1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு), இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் மோட்டார் சக்தி போகும் டூ-வீல்-டிரைவ் பக்கியை வாங்கப் போனால், எக்ஸ்பி2சி வேண்டுமா எக்ஸ்பி2டி வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். சி என்று முடிவது கார்ப்பெட்டில் ஓட்ட, டி என்று முடிவது மண்ணில் ஓட்ட. அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் 2016-இல் பி6, பி6டி என்று இரண்டு கார்களை இறக்கியதும் இதே கணக்கில்தான். டிஎல்ஆர் நிறுவனத்தின் 22 5.0 காரிலும் அப்படியே: ஏசி என்றால் செயற்கைப் புல்லும் கார்ப்பெட்டும், டிசி என்றால் மண்ணும் களிமண்ணும். இவற்றில் ஒரே மோட்டாரையும் பேட்டரியையும் ரேடியோவையும் மாற்றி மாற்றிப் பொருத்தி ஓட்டலாம். ஆனால் கியர்பாக்ஸ் உட்காரும் விதம், எடை எந்தச் சக்கரத்தின் மேல் விழுகிறது என்பது, சஸ்பென்ஷன் பாகங்கள் எல்லாம் தரைக்கு ஏற்ப மாறிவிடுகின்றன.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் எந்தக் கார் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று. நாலு நண்பர்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு ட்ராக் போடலாம் என்று கிளம்பினால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியமாகிறது. நீங்கள் போடும் தளம்தான் அங்கே வருகிற ஒவ்வொருவரும் எந்த டயர் வாங்குவார், வாரத்துக்கு எவ்வளவு செலவழிப்பார், மழைக்காலத்தில் ஓட்டுவாரா மாட்டாரா என்பதையெல்லாம் முடிவு செய்யும்.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது

1/10 பக்கியின் அகலம் சுமார் 25 சென்டிமீட்டர், எடை ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கத்தில். இவ்வளவு லேசான வண்டி தரையைப் பிடித்துக்கொள்ள மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, டயரின் முள் தரைக்குள் இறங்குவது. புழுதியும் பொடிமண்ணும் மூடிய தளத்தில் இதுதான் நடக்கிறது. முள் உயரமாக, ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும். மேலே கிடக்கும் பொடியைக் கிழித்துக்கொண்டு அடியில் உள்ள கெட்டி மண்ணைத் தொட்டால்தான் வண்டி நகரும்.

இரண்டாவது, ரப்பர் தரையோடு ஒட்டுவது. நன்றாக இறுகிய, தூசி இல்லாத களிமண்ணில் முள் இறங்க இடமே இல்லை. உயரமான முள் அங்கே வளைந்து நெளியும், வண்டி தள்ளாடும். அங்கே வேலை செய்வது எவ்வளவு ரப்பர் தரையைத் தொடுகிறது, அந்த ரப்பர் எவ்வளவு மென்மை என்ற இரண்டும்தான். அதனால்தான் கெட்டிக் களிமண் தளங்களில் குட்டையான, நெருக்கமான அச்சு கொண்ட டயரையும், சில இடங்களில் முள்ளே இல்லாத வழுவழு டயரையும் பார்க்கிறோம்.

மூன்றாவது, நெருக்கமான சின்னஞ்சிறு முட்கள் இழைகளுக்குள் நுழைந்து பற்றிக்கொள்வது. கார்ப்பெட்டும் செயற்கைப் புல்லும் இந்த வகை. பிரிட்டனின் ஷூமாக்கர் நிறுவனத்தின் மினி பின், மினி ஸ்பைக் போன்ற டயர்கள் இதற்கென்றே பிறந்தவை.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். டயர் கம்பெனிகள் நிறம் சொல்லி விற்பதற்கும் இதுவே காரணம். ஜேகான்செப்ட்ஸ் டயரில் பச்சை, நீலம் என்று வருபவை மென்மையான பொது ரப்பர். தங்க நிறம் உள்ளரங்கக் களிமண்ணுக்கு. இளஞ்சிவப்பு கார்ப்பெட்டுக்கும் செயற்கைப் புல்லுக்கும். தவறான நிறத்தை மாட்டிக்கொண்டு, கார் சரியில்லை என்று ஷாக் அப்சார்பருக்குள் ஊற்றும் ஆயிலை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பிரச்சினை அவர்கள் காரில் இல்லவே இல்லை.

மண்

இந்த விளையாட்டு மண்ணில் தொடங்கியது. தமியா 1979-இல் ரஃப் ரைடரையும் சாண்ட் ஸ்கார்ச்சரையும் கொண்டு வந்தபோது அவை மணலில் திரியும் வண்டிகள். 1984-இல் வந்த டீம் அசோசியேட்டட் ஆர்சி10 தான் அதைப் பந்தயக் களத்துக்குக் கொண்டு போனது. அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் டெல் மாரில் முதல் மின்சார ஆஃப்-ரோடு உலகப் போட்டி நடந்தது. பந்தயமும் ட்ராக்கும் எவ்வளவோ மாறிவிட்டாலும், மண்ணில் ஓடும் வண்டிக்கு ஈடாக எனக்கு இன்னும் வேறெதுவும் படவில்லை. என் விருப்பத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே படிப்பதை அதற்குத் தக்கபடி எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

மண் தளம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் பல நிலைகள் இருக்கின்றன. புதிதாகக் கொட்டிச் சமன் செய்த மண், மேலே பொடியாகக் கிடக்கும். பிடிப்பு குறைவு, வண்டி வழுக்கும், வளைவில் பின்பக்கம் சுழலும். அதன் மேல் வண்டிகள் ஓட ஓட, எல்லோரும் எடுக்கும் பாதையில் பொடி ஒதுங்கி, அடிமண் இறுகி, மேலே டயர் ரப்பர் மெல்லிய படலமாகப் படியும். அப்படி உருவாகும் நீலங்கலந்த கருப்புப் பாதையை ப்ளூ க்ரூவ் என்கிறார்கள்.

அந்தப் பாதையைக் குனிந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். வளைவின் உள்பக்கத்தில் ஒரு முழம் அகலத்துக்குத் தரை எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னும். விரலால் தடவினால் தூசி ஒட்டாது. அதற்கு ஒரு சாண் வெளியே விரலை நகர்த்தினால் மாவு போன்ற பொடி. வண்டி மின்னும் பாட்டையில் இருக்கும்வரை தண்டவாளத்தில் போவதுபோல் திரும்பும். முன்னால் போகிறவரை முந்த நினைத்து ஒரு சாண் வெளியே போனால் போதும், பிடிப்பு அப்படியே விட்டுப்போகும். ப்ளூ க்ரூவ் தளத்தில் முந்துவது இவ்வளவு கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். துல்லியமாக ஓட்டுபவருக்கு வெகுமதி தரும் தளம். கற்றுக்கொள்ள வருகிறவருக்குக் கொஞ்சம் கடுமையானது.

அடுத்த நிலை, ஈரம் காத்த உள்ளரங்கக் களிமண். கூரை இருப்பதால் வெயில் உறிஞ்சாது; களிமண் ஈரத்தோடு இறுகியே இருக்கும்; பிடிப்பு மிக அதிகம். 2007-இலும் 2015-இலும் உலகப் போட்டி நடந்த ஜப்பானின் யாதபே அரீனா இப்படிப்பட்ட உள்ளரங்கு. இதற்கு மறுகோடி, 2013 உலகப் போட்டி நடந்த கலிபோர்னியாவின் சிக்கோ நகரத்து சில்வர் டாலர் ட்ராக். திறந்த வெளி, மண், வெயில். இரண்டையும் மண் ட்ராக் என்றே சொல்கிறோம். ஆனால் ஒன்றுக்குத் தயாரித்த வண்டியை மற்றொன்றில் அப்படியே இறக்க முடியாது.

மண் தளத்தை நம் ஆட்களுக்கு விளக்க கிரிக்கெட் பிட்ச் போதும். சேப்பாக்கத்தில் ஒரே மைதானத்துக்குள் செம்மண் பிட்சும் கரிசல் பிட்சும் இருக்கின்றன. எதில் ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பந்து வேறு மாதிரி எழும்புகிறது. எவ்வளவு தண்ணீர் காட்டினார்கள், எத்தனை முறை ரோலர் ஓடியது, மதிய வெயிலில் எவ்வளவு வெடித்தது என்பதை வைத்துக் காலையும் மாலையும் ஒரே பிட்ச் வேறு வேறாக ஆடுகிறது. ஆர்சி ட்ராக்கிலும் மண்ணின் குணம், ஈரம், இறுக்கம் மூன்றும்தான் தளம். மண்ணை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் தளம் கிடைக்காது.

மண்ணின் குணத்தை அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் சில மணி நேரத்தில் அதன் மேல் படியும். களி ஒரு நாளுக்கு மேலும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். அடுக்குகளின் உயரம் எந்தப் பங்கு எவ்வளவு என்று சொல்லிவிடும். இன்னொரு வழி, ஈர மண்ணைப் பிசைந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாடாவாகப் பிதுக்குவது. 2.5 சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் களி குறைவு. 5 சென்டிமீட்டர் தாண்டியும் ஒடியாமல் நீண்டால் களி மிக அதிகம். திறந்தவெளி ட்ராக்குக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிற மண்ணைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

நம் ஊர் மண்ணை வைத்துச் சொல்வதானால், கரிசல் மட்டும் தனியே வேண்டாம். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். விரல் நுழையும் அளவு வெடிப்பில் சின்னச் சக்கரம் சிக்கினால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் உடைந்துவிடும். செம்மண் அவ்வளவு உப்புவதில்லை, ஆனால் அதில் சரளை கலந்திருக்கும், கட்டாயம் சலிக்க வேண்டும். சலித்த செம்மண்ணோடு கொஞ்சம் ஏரிக் களியைச் சேர்த்தால் இறுக்கம் கூடும். என்ன விகிதம் என்பதை உங்கள் பாட்டிலும் நாடாவும் சொல்லும். ஊருக்கு ஊர் மாறும். கடற்கரை மணல் மேல் தளத்துக்கு ஆகவே ஆகாது. மணலும் உப்பும் பேரிங்கைத் தின்றுவிடும்.

போடும் முறை எளிது, உழைப்பு அதிகம். மண்ணைக் கிளறி, தண்ணீர் விட்டு, ஈரம் உள்ளே இறங்கும்வரை காத்திருந்து, ரோலர் அல்லது பிளேட் காம்பாக்டரால் (தட்டு அதிர்ந்து மண்ணை இறுக்கும் இயந்திரம்) இறுக்க வேண்டும். ஜம்ப்பின் ஏற்றத்தையும் வண்டி வந்து விழும் இறக்கத்தையும் கூடுதலாக இறுக்குங்கள், முதலில் உடைவது அந்த இடங்கள்தான். மழைநீர் வழிந்தோட லேசான சரிவு முதல் நாளே வேண்டும். பிறகு சேர்க்க முடியாது.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. பந்தயத்துக்கு முந்தின இரவு தண்ணீர் ஆழமாக இறங்கும்படி நனைப்பது, நடுவில் தூசி எழும்பும்போது மெல்லிய தூறலாகத் தெளிப்பது, குழி விழுந்த இடத்தை ஈர மண்ணால் அடைத்துத் தட்டுவது, பாதைக்கு வெளியே ஒதுங்கிய பொடியைப் பெருக்கித் தள்ளுவது. தெளித்த உடனே ஒரு பிரிவை ஓட விட்டால் அவர்களுக்கு வழுக்கும், அடுத்தவர்களுக்கு நல்ல பிடிப்பு கிடைக்கும். அதனால் எப்போது தெளிப்பது என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

ஈரத்தைப் பிடித்து வைக்கச் சில இடங்களில் கால்சியம் குளோரைடு கலக்கிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தூசி அடங்கும். ஆனால் திருகாணியையும் பேரிங்கையும் துருவாக்கும்; ஓட்டி முடித்ததும் வண்டியைத் துடைக்காமல் வைத்தால் அடுத்த வாரம் தெரியும். அமெரிக்காவில் சில களிமண் ட்ராக்குகளில் சர்க்கரைத் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. தண்ணீர் ஆவியானபின் மேலே பிசுபிசுப்பு நிற்கும், பிடிப்பு ஏறும். எறும்பு நடமாடும் திறந்த வெளியில் அதை நான் சொல்ல மாட்டேன்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த மண் ட்ராக்கில் ஒரு பகல் நின்றால் மூக்கில் தெரியும். நுண்ணிய மண்தூசி நுரையீரலுக்குக் கெடுதல். குழந்தைகள் வருகிற இடம் என்றால் தண்ணீர் தெளிப்பதைப் பிடிப்புக்காக மட்டும் நினைக்காதீர்கள். மூடிய கொட்டகைக்குள் காய்ந்த மண்ணில் ஓட்டுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

கார்ப்பெட்டும் செயற்கைப் புல்லும்

ஐரோப்பாவில் மழையும் குளிரும் அதிகம், உள்ளே மண் கொட்ட இடம் கிடைப்பதும் அரிது. அங்கே 1/10 பந்தயம் பெரும்பாலும் கார்ப்பெட்டுக்கும் செயற்கைப் புல்லுக்கும் நகர்ந்துவிட்டது. 2019 உலகப் போட்டியே ஸ்லோவாக்கியாவின் ட்ரென்சின் நகரத்து ஹூடி அரீனாவில், கார்ப்பெட் மேல்தான் நடந்தது. மண்ணில் பிறந்த விளையாட்டு இப்படி ஆகிவிட்டதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. கார்ப்பெட் இல்லாவிட்டால் பல ஊர்களில் குளிர்காலம் முழுக்க யாரும் வண்டியைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

கார்ப்பெட்டின் பெரிய குணம், காலையில் இருந்த பிடிப்பு மாலையிலும் கிட்டத்தட்ட அப்படியே இருப்பது. இன்று தரைக்கு ஏற்ப வண்டியில் செய்த செட்டப் அடுத்த வாரமும் பலிக்கும். கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய வரம். மாறியது வண்டியா தரையா என்ற குழப்பம் இல்லை. முள் டயர் பல வாரங்கள் உழைக்கும். அரிக்கும் தன்மையுள்ள காய்ந்த களிமண்ணிலோ மென்மையான டயர் ஒரே பந்தய நாளில் வழுக்கையாகிவிடலாம்.

குறை, பிடிப்பு அளவுக்கு மீறிப் போவது. வளைவில் வண்டி வழுக்காது, கவிழும். வெளிப்பக்க முன்டயர் கார்ப்பெட்டில் அப்படியே ஊன்றிக்கொள்ள, உடல் அதன் மேல் உருண்டுவிடும். இதைத் தடுக்க முன்டயரின் பக்கச் சுவரிலும் ஓர முட்களிலும் சூப்பர் க்ளூ பூசி இறுக்கிவிடுகிறார்கள். பசை காய்ந்த ரப்பர் பிடிக்காது, வழுக்கும். வண்டி கவிழ்வதற்குப் பதில் சற்றே நழுவித் தப்பிக்கும். கூடவே வண்டியைத் தாழ்த்தி, ஸ்பிரிங்கைக் கடினமாக்கி, ஷாக்கில் கெட்டியான ஆயில் ஊற்றி, வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் ஸ்வே பார் கம்பியை மாட்டுவார்கள். பொடிமண்ணில் ஓட்டுவதற்கு இவற்றில் பெரும்பாலானவற்றை நேர் எதிராகச் செய்ய வேண்டும்.

இன்னொன்று, கார்ப்பெட் ட்ராக்கின் ஜம்ப்புகள் மரப்பலகையில் செய்தவை. மண் ஜம்ப் ஓட ஓடத் தேய்ந்து உருண்டையாகும், ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் வேறாக இருக்கும். பலகை அப்படி மாறாது. தவறாக விழுந்தால் விட்டும் கொடுக்காது. பாகங்கள் உடைவதை இங்கே அதிகம் பார்க்கலாம்.

செயற்கைப் புல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தண்ணீரை வடிய விடும், அதனால் திறந்த வெளியிலும் போடலாம். மழை விட்டதும் ஓட்டலாம். பிரிட்டனில் கிளப்புகள் முதலில் நிஜப் புல்லில் ஓட்டின, இப்போது பல செயற்கைப் புல்லுக்கு மாறியிருக்கின்றன. குட்டையான இழை, அடர்த்தியான நெசவு உள்ளதை வாங்க வேண்டும். கால்பந்து டர்ஃபில் வரும் நீள இழையில் சின்ன வண்டி மூழ்கிப்போகும், இழை டிரைவ்ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் செயற்கைப் புல் மதியத்தில் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். மாலையில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் பிரச்சினை இல்லை.

எதைப் போடலாம்

என் முதல் கேள்வி, தினமும் தண்ணீர் விடப்போவது யார்? பெயர் சொல்லும்படி குறைந்தது இரண்டு பேர் அருகிலேயே இருந்தால் மண். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற பதில் வந்தால் மண் வேண்டாம். பராமரிக்காத மண் ட்ராக் ஒரு கோடையில் புழுதிக்காடாகும், ஒரு மழையில் சேறாகும், பிறகு யாரும் வரமாட்டார்கள். பணம் அதிகம் போனாலும் அங்கே செயற்கைப் புல்தான் நிலைக்கும்.

இரண்டாவது, இடம் யாருடையது. வாடகைக் கல்யாண மண்டபத்திலோ பள்ளிக் கூடத்து அரங்கிலோ வாரக் கடைசியில் மட்டும் ஓட்டுவதானால் சுருட்டி வைக்கும் கார்ப்பெட்டைத் தவிர வேறு வழி கிடையாது. கல் தரையில் நேரே விரித்தால் நகரும், ஓரங்களை ஒட்டிவிடுங்கள்.

மூன்றாவது, எந்த அளவு வண்டி. 1/8 பக்கி மூன்று கிலோவைத் தாண்டும், ஜம்ப்பும் வேகமும் அதற்கேற்ப. அது திறந்தவெளி மண்ணுக்கான வண்டி, கார்ப்பெட்டைக் கிழித்துவிடும். 1/8 ஓடிய மண் ட்ராக்கில் விழும் பள்ளங்களில் 1/10 குட்டிக்கரணம் அடிக்கும். இரண்டு அளவும் ஒரே மண்ணில் ஓட வேண்டுமென்றால் காலையில் 1/10-ஐ முடித்துவிட்டு மதியம் 1/8-ஐ இறக்குங்கள். கடையில் பெட்டியோடு வாங்கிய சாதாரண வண்டிகளோடு குழந்தைகள் வரப்போகிறார்கள் என்றால் அதிகப் பிடிப்புத் தளத்தைத் தவிருங்கள். அந்த வண்டிகள் உயரமாக, மென்மையான ஸ்பிரிங்கோடு வருபவை. கார்ப்பெட்டில் வளைவுக்கு வளைவு கவிழும். கொஞ்சம் வழுக்கும் மண்ணில் அவை அழகாக ஓடும், பிள்ளைகளும் ஓட்டக் கற்பார்கள்.

பக்கத்து ஊரில் ஏற்கெனவே ஒரு ட்ராக் இருந்தால் அதே வகைத் தளத்தைப் போடுவதையும் யோசியுங்கள். ஒரே டயர், ஒரே செட்டப் இரண்டு இடத்திலும் உதவும். அவர்கள் இங்கே வருவார்கள், நீங்கள் அங்கே போவீர்கள்.

மண் என்று முடிவாகிவிட்டால், முழு இடத்துக்கும் லாரியில் மண் அடிக்கும் முன் நாலு மீட்டருக்கு இரண்டு மீட்டர் துண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஒரு வளைவு, ஒரு சின்ன ஜம்ப் போதும். ஒரு வாரம் அதில் வண்டியை ஓட்டுங்கள். ஒரு நாள் தண்ணீர் விடாமல் வெயிலில் காய விடுங்கள், ஒரு நாள் நன்றாக நனைத்து மறுநாள் காலையில் ஓட்டுங்கள். எங்கே வெடிக்கிறது, ஜம்ப்பில் வண்டி வந்து விழும் இடம் எத்தனை நாளில் குழிகிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று எழுதி வையுங்கள். மண் விற்பவரிடம் பேரம் பேசப் போகும்போது அந்தக் காகிதமும் கையில் இருக்கட்டும்.